டம் டம் இல்லாத பேஸ்: காருக்கு ஒரு போர்ட்டட் சப்வூஃபர் பெட்டி

சிக்னல்ல நிக்கும்போது பக்கத்துல ஒரு கார் வந்து நிக்கும். உள்ளே என்ன பாட்டு ஓடுதுன்னு தெரியாது. டிக்கி கதவு அதிர்ற சத்தமும் "டம்... டம்..."மும் மட்டும்தான் வெளியே வரும். அடுத்த பாட்டு மாறும், அதே டம். அதுக்கடுத்த பாட்டும் மாறும், அதே சுருதியில் அதே டம். பாட்டில் பேஸ் கிட்டார் ஏறினாலும் இறங்கினாலும் பெட்டிக்குத் தெரிந்தது ஒரே ஒரு நோட்டுதான்.

இதைக் கேட்டவர்கள் சொல்கிற தீர்ப்பும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "போர்ட் வெச்ச பெட்டின்னா அப்படித்தான். சவுண்ட் குவாலிட்டி வேணும்னா சீல்டு பாக்ஸ் போடு." இந்தப் பழியில் பாதிதான் நியாயம். ஒற்றை நோட்டு பேஸுக்குக் காரணம் போர்ட் இல்லை. போர்ட்டை எந்த அதிர்வெண்ணில் ட்யூன் பண்ணினோம் என்பதுதான். அதைக் கணக்குப் போட்டு வைத்தால், 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே போர்ட்டட் பெட்டி கொடுக்கிற சுத்தமான பேஸை அதே வூஃபரைப் போட்ட சீல்டு பெட்டி கொடுக்கத் திணறும். கணக்கும் முதலாம் ஆண்டு இயற்பியலைத் தாண்டாது. ஒரு 10 இன்ச் வூஃபரை எடுத்து முழுசா ஒருதடவை போட்டுப் பார்த்துவிடலாம்.

பாட்டிலும் பெட்டியும்

காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் "பூம்" என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் போர்ட்டட் பெட்டி. பாட்டிலின் கழுத்தில் இருக்கிற காற்று ஒரு எடைக்கல். வயிற்றில் இருக்கிற காற்று ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் அதற்கென்று ஒரு இயல்பு அதிர்வெண் இருக்கும் அல்லவா? அதேதான். இதைப் 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசொனேட்டர் என்று பெயர். பெட்டி பெரிசானால் ஸ்பிரிங் தளர்ந்து அதிர்வெண் இறங்கும். கழுத்து நீளமானால் எடை கூடி அப்போதும் இறங்கும். கழுத்து அகலமானால் ஏறும். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது நிறைய நிறையச் சத்தம் மேலே ஏறுகிறதே, உள்ளே காற்றுக்கு இடம் குறைவதால்தான்.

ஸ்பீக்கருக்கு இதை முறையாகப் பயன்படுத்தி 1932-இல் காப்புரிமை வாங்கியவர் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ். ஆனால் அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குப் பெட்டி செய்வது கைப்பக்குவமாகத்தான் இருந்தது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் எழுதிய தொடர் கட்டுரைகளும்தான் இதை ஃபில்டர் டிசைனாக மாற்றின. வூஃபர் டப்பாவுக்குள் வருகிற தாளில் இருக்கும் தீல்-ஸ்மால் எண்கள் இவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. பெட்டி என்பது ஒரு நான்காம் படி ஹை-பாஸ் ஃபில்டர். ஃபில்டரை யாராவது கண்ணால் பார்த்து அளவு வைப்பார்களா?

போர்ட் எதற்கு என்று கேட்டால் "சத்தம் கூடும்" என்பதுதான் பொதுப் பதில். உண்மைதான், ஆனால் குவாலிட்டிக்கு முக்கியமானது வேறு. ட்யூனிங் அதிர்வெண்ணில் போர்ட்டில் இருக்கிற காற்று வேகமாக உள்ளே வெளியே ஆடும். பெட்டிக்குள் உருவாகும் அழுத்தம் கோனைப் பிடித்து நிறுத்திவிடும். அந்த இடத்தில் கோன் கிட்டத்தட்ட அசையாது. சத்தம் போர்ட்டிலிருந்துதான் வரும். கோன் குறைவாக அசைந்தால் வாய்ஸ் காயில் தன் எல்லையை முட்டாது, டிஸ்டார்ஷன் குறையும். சீல்டு பெட்டியில் நேர்மாறு: எவ்வளவு கீழே போகிறோமோ அவ்வளவு கோன் அசைய வேண்டும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ட்யூனிங்குக்குக் கீழே போனால் போர்ட் வெறும் ஓட்டை. ஸ்பிரிங் போய்விடும், கோன் கட்டவிழ்ந்து ஆடும். சத்தமும் ஒரு ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரியும். சீல்டு பெட்டியில் 12 டெசிபல்தான். இந்த விலையை எப்படிச் சமாளிப்பது என்று பின்னால் வருகிறேன்.

வூஃபரின் ஜாதகம்

கணக்குக்காக ஒரு வூஃபரை வைத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனி மாடலும் இல்லை, 10 இன்ச் கார் வூஃபர்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய எண்கள். எஃப்.எஸ். எனும் இயல்பு அதிர்வெண் 32 ஹெர்ட்ஸ். கியூ.இ.எஸ். 0.48. கியூ.டி.எஸ். 0.44. வி.ஏ.எஸ். 40 லிட்டர். 300 வாட் ஆர்.எம்.எஸ்.

வி.ஏ.எஸ். என்றால் அந்த வூஃபருக்கு 40 லிட்டர் பெட்டி வேணும் என்று அர்த்தமில்லை. கோனைத் தாங்குகிற சஸ்பென்ஷன் எவ்வளவு மெதுவானது என்பதை, அதே மெதுத்தன்மை உள்ள காற்றின் கொள்ளளவாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். கியூ.டி.எஸ். என்பது கோன் ஆட ஆரம்பித்தால் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு. குறைந்தால் சீக்கிரம் அடங்கும்.

முதலில் போர்ட் இதற்குப் பொருந்துமா என்று பார்க்கணும். எஃப்.எஸ்.ஸைக் கியூ.இ.எஸ்.ஸால் வகுங்க: 32 ÷ 0.48, கிட்டத்தட்ட 67. இது 50-க்குக் கீழே வந்தால் சீல்டு பக்கம் போகச் சொல்வார்கள், 100-க்கு மேலே போனால் போர்ட்டட். நடுவில் இருந்தால் இரண்டுக்கும் ஒத்துவரும். இது கட்டை விரல் கணக்குதான், ஆனால் கியூ.டி.எஸ். 0.6, 0.7 இருக்கிற மலிவு வூஃபரைப் போர்ட்டட் பெட்டியில் திணிக்காமல் காப்பாற்றும். அந்த மாதிரி வூஃபர் கையில் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு நல்ல சீல்டு பெட்டி அடிங்க. உங்க காசு மிச்சம். தாளே இல்லாத வூஃபர் என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன்.

டம் எங்கிருந்து வருது

இப்போது இதே வூஃபரை இரண்டு பெட்டியில் போட்டுப் பார்க்கலாம். முதல் பெட்டி 60 லிட்டர், 45 ஹெர்ட்ஸ் ட்யூனிங். கேட்டதும் "அடிக்குது பாஸ்" என்று சொல்லவைக்கிற வகை. இரண்டாவது 42 லிட்டர், 32 ஹெர்ட்ஸ். பெட்டியில் வழக்கமாக இருக்கும் காற்றுக் கசிவு இழப்பையும் சேர்த்துத் தீல்-ஸ்மால் சமன்பாட்டில் எண்களைப் போட்டால் என்ன வருகிறது பாருங்க.

முதல் பெட்டியில் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 6 டெசிபல் உயரத்துக்கு ஒரு மேடு. 6 டெசிபல் என்றால் ஒலி அழுத்தம் இரண்டு மடங்கு. இதைப் பாட்டின் மொழியில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். நாலு கம்பி பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி ஈ, 41.2 ஹெர்ட்ஸ். அதே கம்பியில் மூன்றாவது கட்டையைப் பிடித்தால் ஜி, 49 ஹெர்ட்ஸ். அடுத்த கம்பி ஏ, 55. அதற்கடுத்த கம்பி டி, 73.4. இந்தப் பெட்டியில் ஈ சுமார் 2 டெசிபல் தூக்கலாக வரும், ஜி 6 டெசிபல், ஏ 5-க்கு மேல், டி மறுபடி இரண்டரை. வாசித்தவர் நாலு நோட்டையும் ஒரே பலத்தில் வாசித்திருப்பார். நம் காதில் ஜி-யும் ஏ-வும் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு மட்டும் இல்லை, தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டிருக்கும். அந்த மெட்டில் இரண்டு சுரம் கத்தி, மற்றது முணுமுணுத்தால் அது மெட்டா?

இரண்டாவது பெட்டியில் 40 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏற்ற இறக்கம் ஒரு டெசிபலுக்குள் அடங்கிவிடுகிறது. 32 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் குறைவு. அவ்வளவுதான். பெட்டி தன் சொந்தக் குரலில் பாடுவதை நிறுத்திவிட்டது.

கடையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அஞ்சு நிமிஷம் கேட்டால் முதல் பெட்டிதான் ஜெயிக்கும், அதையும் சொல்லிடறேன். மேடு இருக்கிற பெட்டி "பவர்" மாதிரி கேட்கும். இரண்டு மணி நேரம் ஹைவேயில் ஓட்டிக்கொண்டு கேட்டால்தான் தலைவலி எதில் வருகிறது என்று தெரியும்.

இதில் இன்னொரு விஷயம் சேர்கிறது, அதை மறந்தால் கணக்கே தப்பு. கார் ஒரு சின்ன அறை. காரின் உள்நீளம் 2.5 மீட்டர் என்று வைத்தால், அரை அலைநீளம் அதற்குச் சமமாகும் அதிர்வெண் 343 ÷ 5, கிட்டத்தட்ட 69 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அலைக்கு உள்ளே ஓட இடமில்லை. மொத்தக் காற்றும் சேர்ந்து அழுத்தப்படுகிறது, அதனால் பேஸ் தானாகவே ஏறும். முழுக்க அடைத்த, விறைப்பான அறை என்றால் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வரைக்கும் ஏறலாம். காரில் கதவும் கூரைத் தகடும் வளைகின்றன, காற்றும் கசிகிறது, அதனால் அவ்வளவு வராது. ஆனாலும் நிச்சயம் கணிசமாக வரும். ஆக 50 ஹெர்ட்ஸில் ஏற்கெனவே மேடு உள்ள பெட்டியைக் காருக்குள் வைத்தால் மேட்டின் மேல் மேடு. தட்டையான பெட்டியை வைத்தால் கீழ் ஸ்தாயி இயல்பாகக் கனத்து வரும். வீட்டு ஹாலில் கேட்டால் பேஸ் கொஞ்சம் போதாதே என்று தோன்றும் பெட்டிதான் காருக்குச் சரியான பெட்டி.

போர்ட்டின் அளவு

42 லிட்டர், 32 ஹெர்ட்ஸ் என்று முடிவாயிற்று. இனி போர்ட். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சூத்திரத்தை சென்டிமீட்டருக்கும் லிட்டருக்கும் மாற்றி எழுதினால் இப்படி வரும்:

நீளம் = 29800 × பரப்பு ÷ (அதிர்வெண் × அதிர்வெண் × கொள்ளளவு)

நீளம் சென்டிமீட்டரில், பரப்பு சதுர சென்டிமீட்டரில், கொள்ளளவு லிட்டரில். இதில் வருவது பயன் நீளம். போர்ட்டின் இரண்டு வாயிலும் வெளியே கொஞ்சம் காற்று ஒட்டிக்கொண்டு கூடவே ஆடும். அதைக் கழித்தால்தான் வெட்ட வேண்டிய நீளம். கழிக்க வேண்டியது தோராயமாக, அதே பரப்பு உள்ள வட்டத்தின் ஆரத்தைப் போல் 1.46 மடங்கு.

பரப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் சவுண்ட் குவாலிட்டியின் இரண்டாவது பொறி. போர்ட் சின்னதாக இருந்தால் காற்று அதற்குள் வேகமாக ஓடும், "புஸ்... புஸ்" என்று மூச்சு வாங்கும். ஒலியின் வேகத்தில் 5 சதவீதம், அதாவது நொடிக்கு 17 மீட்டர், தாண்டாமல் இருந்தால் நிம்மதி. கூடக்குறைய இருக்கலாம், ஆனால் 25-ஐத் தாண்டினால் காதில் விழ ஆரம்பிக்கும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற 4 இன்ச் பி.வி.சி. பைப்பை எடுத்துக்கொள்ளுங்க. உள்விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் பரப்பு 78.5. நீளம் 47 சென்டிமீட்டர் வரும். சுலபம்தான். ஆனால் 32 ஹெர்ட்ஸில் முழு 300 வாட்டும் கொடுத்தால் உள்ளே காற்றின் வேகம் உத்தேசமாக 27 மீட்டர். மூச்சு வாங்கும். சரி, இரண்டு பைப் போடலாமா? வேகம் 13-ஆகக் குறையும், அருமை. ஆனால் பரப்பு இரட்டிப்பானதால் நீளமும் கூடும்: ஒவ்வொரு பைப்பும் ஒரு மீட்டருக்கு மேல்! டிக்கியில் பெட்டி வைக்கிறோமா, போர்வெல் போடுகிறோமா?

நீளத்துக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. நீளமான போர்ட் புல்லாங்குழல் மாதிரி தன் நீளத்துக்கு ஏற்ற சுருதியிலும் ஒலிக்கும். பயன் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டினால் அது 160 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துவிடும். ஆண் குரல் இருக்கிற இடத்தில்.

நடுவழி: பலகையிலேயே செய்கிற ஸ்லாட் போர்ட். அகலம் 4.5, உயரம் 28. பரப்பு 126. சூத்திரத்தில் போடுங்க: 29800 × 126 ÷ (32 × 32 × 42) = 87 சென்டிமீட்டர். சமமான வட்டத்தின் ஆரம் 6.3, அதன் 1.46 மடங்கு 9. வெட்ட வேண்டியது 78. காற்றின் வேகம் 17-ஐ ஒட்டி நிற்கும். குழல் சுருதி 197 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸில் லோ-பாஸ் வைக்கப் போகிறோம் என்பதால் அது அமுங்கிவிடும்.

ஒரு சின்ன உபரித் தகவல். 343 என்பது 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம். மே மாசம் வெயிலில் நிறுத்திய காருக்குள் 45 டிகிரி இருந்தால் அது 358 பக்கம் போய்விடும். உங்க 32 ஹெர்ட்ஸ் பெட்டி அன்றைக்கு மதியம் 33 சொச்சம் ஹெர்ட்ஸ் பெட்டி. ஏசி போட்டதும் இறங்கிவிடும், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீளத்தில் மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பலகைக் கணக்கு

42 லிட்டர் என்பது வூஃபருக்குக் கிடைக்க வேண்டிய நிகரக் காற்று. பெட்டியின் உள்ளளவு அது இல்லை. போர்ட் உள்ளே அடைக்கிற இடம், போர்ட் பலகை, வூஃபரின் காந்தமும் கூடையும், முட்டுக்கட்டைகள், எல்லாம் கூடுதலாக வேணும். இதை மறந்துவிட்டு 42 லிட்டர் பெட்டி அடித்து அதற்குள் இவ்வளவையும் வைத்தால் நிகரக் காற்று இருபத்தஞ்சரை லிட்டர்தான் மிஞ்சும். ட்யூனிங் 32-லிருந்து 41 ஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். மறுபடியும் டம்.

18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் உள்ளளவு இப்படி வையுங்க: அகலம் 56, ஆழம் 37.5, உயரம் 28. மொத்தம் 58.8 லிட்டர். போர்ட்டின் வாய் முன்பலகையில் ஒரு ஓரமாக. அங்கிருந்து பக்கச் சுவரை ஒட்டிப் பின்னால் போய், மூலையில் திரும்பி, பின்சுவரை ஒட்டி ஓடும். நடுக்கோட்டில் அளந்தால் முன்பலகையின் கனத்தையும் சேர்த்து முதல் கை 37 சென்டிமீட்டர். மீதி 41 பின்சுவரில். போர்ட் காற்றும் பலகையும் சேர்ந்து 13 லிட்டர் அடைக்கும். வூஃபருக்கு 2, முட்டுக்கட்டைக்கு ஒன்றரை. கழித்தால் 42-ம் சில்லறையும். போர்ட்டின் உள்வாயிலிருந்து எதிர்ச் சுவர் வரை கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது, போதும். உள்வாய் சுவரோடு ஒட்டினால் போர்ட் நீண்டது மாதிரி நடந்துகொள்ளும்.

வெளியளவு 59.6, 41.1, 31.6. டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் டிக்கியை அளங்க, அப்புறம் ஆசாரியிடம் போங்க. எட்டுக்கு நாலு ஷீட்டில் பாதி பலகை போலத்தான் ஆகும். பெட்டி மட்டுமே 18 கிலோ பக்கம் வரும். வூஃபரும் சேர்ந்தால் அதற்கு மேல். சடன் பிரேக்கில் இது டிக்கிக்குள் பறக்கக் கூடாது. பெல்ட்டோ பிராக்கெட்டோ போட்டு பாடியோடு கட்டியே ஆகணும், இதில் பேச்சே இல்லை.

வேலை நுணுக்கத்தில் மூன்று மட்டும் சொல்கிறேன், மற்றதை மரவேலை தெரிந்தவர்கள் என்னைவிட நன்றாகச் செய்வார்கள். மூட்டு எல்லாம் மரப் பசை போட்டு, ஸ்க்ரூவுக்கு முன்துளை போட்டுத்தான் முடுக்கணும், எம்.டி.எஃப். ஓரத்தில் நேராக முடுக்கினால் பிளந்துவிடும். போர்ட்டின் இரண்டு வாயின் ஓரங்களையும் ரவுட்டர் வைத்து உருட்டிவிடச் சொல்லுங்க. கூர்மையான ஓரத்தில்தான் காற்று சுழன்று புஸ் என்கிறது. உருட்டுவதற்கு ஆகும் பத்து நிமிஷத்தில் கேட்கும் வித்தியாசம் பெரிசு. பெரிய பலகைகளுக்கு நடுவில் முட்டுக்கட்டை கொடுங்க: பலகை அதிர்ந்தால் அதுவும் ஒரு ஸ்பீக்கர், யாரும் கேட்காத பாட்டைப் பாடும் ஸ்பீக்கர். வாசனை அடிக்கும் சிலிக்கோன் வைத்து ஓரம் அடைத்திருந்தால், அது முழுசாகக் காயும்வரை வூஃபரை மாட்டாதீங்க. அதன் ஆவி ஸ்பீக்கரின் பசைக்கு நல்லதில்லை.

பெட்டி சொல்வதை அளந்து பாருங்க

சூத்திரம் ஒன்று சொல்லும், மரம் ஒன்று செய்யும். ஸ்லாட் போர்ட் சுவர்களை ஒட்டி ஓடுவதால் நுனித் திருத்தம் நாம் போட்டதைவிடக் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும். அதனால் பின்சுவர்க் கையை முதலில் 3 சென்டிமீட்டர் கூடுதலாகவே வையுங்க. மேல் பலகையைப் பசை போடாமல், ஓரத்தில் ஃபோம் டேப் ஒட்டி ஸ்க்ரூ மட்டும் முடுக்குங்க.

இப்போது ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப். ஆம்ப்ளிஃபையருக்கும் வூஃபருக்கும் நடுவில் தொடர் இணைப்பாக ஒரு 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டரின் குறுக்கே மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்க. சத்தம் ரொம்பக் குறைவாக இருக்கட்டும், ஒன்றிரண்டு வோல்ட் போதும். 15 ஹெர்ட்ஸிலிருந்து 70 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றி மீட்டரைக் குறித்துக்கொண்டே வாங்க. அளவு ஒரு பள்ளத்தில் விழும், ஏறும், மறுபடி இன்னொரு பள்ளத்தில் விழும். இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மேடுதான் உங்க பெட்டியின் உண்மையான ட்யூனிங். அந்த இடத்தில் கோனைப் பாருங்க: மற்ற இடங்களைவிட அங்கேதான் குறைவாக அசையும். லேபில் அலைக்காட்டி கிடைத்தால் இன்னும் சுகம், ஆனால் மல்டிமீட்டரே போதும். நமக்கு வேண்டியது துல்லியமான வோல்ட் இல்லை, மேடு எந்த ஹெர்ட்ஸில் வருகிறது என்பது மட்டும்தான்.

32-க்குக் கீழே வந்தால் போர்ட் பலகையின் உள்நுனியைக் கொஞ்சம் வெட்டுங்க. 3 சென்டிமீட்டர் வெட்டினால் அரை ஹெர்ட்ஸ் போல ஏறும். 31-லிருந்து 33 வரை எதில் நின்றாலும் போதும், அதற்கு மேல் செதுக்க வேண்டாம். சரியானதும் மேல் பலகைக்குப் பசை.

பள்ளங்கள் தெளிவாக வராமல் மழுங்கிக் கிடந்தால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். ஊதுபத்தியைக் கொளுத்தி, 20 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டு, மூட்டுகள் பக்கமாகக் கொண்டுபோங்க. புகை துடிக்கும் இடம்தான் ஓட்டை.

பலகை வெட்டுவதற்கு முன்பே இதையெல்லாம் திரையில் பார்க்கணும் என்றால் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வூஃபர் எண்களைக் கொடுத்தால் அதிர்வெண் வளைவு, கோன் அசைவு, போர்ட்டின் காற்று வேகம் மூன்றையும் வரைந்து காட்டும். கையால் ஒருதடவை போட்டுவிட்டு அதைத் திறந்தால்தான் எந்த வளைவு ஏன் வளைகிறது என்று புரியும்.

ஆம்ப்ளிஃபையரில் நாலு திருகு

முன்னே சொன்ன விலை ஞாபகம் இருக்கா? ட்யூனிங்குக்குக் கீழே கோன் கட்டவிழ்ந்து ஆடும் என்றேனே. அதற்கு மருந்து சப்சோனிக் ஃபில்டர். 26 அல்லது 28 ஹெர்ட்ஸில், 24 டெசிபல் சரிவில் வையுங்க. ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போதே இது இருக்கிறதா என்று பாருங்க. போர்ட்டட் பெட்டிக்கு இது அலங்காரம் இல்லை, வூஃபரின் ஆயுள் காப்பீடு.

லோ-பாஸ் 80 ஹெர்ட்ஸ், 24 டெசிபல் சரிவு. கதவு ஸ்பீக்கர்களுக்கு அதே 80-இல் ஹை-பாஸ். பேஸ் பூஸ்ட் என்று ஒரு திருகு இருக்கும், பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸில்தான் தூக்கும். இவ்வளவு கணக்குப் போட்டு இறக்கிய மேட்டை ஒரே திருகில் திரும்ப ஏற்றும் ஏற்பாடு அது. பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு மறந்துடுங்க.

ஃபேஸ் சுவிட்சுக்கு 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்க. ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தி 0, 180 என்று மாற்றச் சொல்லுங்க. எது சத்தமாகக் கேட்கிறதோ அதுவே சரி. பெட்டியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கணும் என்பதைக் காரே சொல்லும்: ஹேட்ச்பேக்கில் பின்கதவைப் பார்க்க வைத்து ஒருதடவை, சீட்டைப் பார்க்க வைத்து ஒருதடவை கேட்டுப் பாருங்க. கதவைப் பார்க்க வைத்தால் போர்ட்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண் இடமாவது விடணும்.

கடைசியாக கெயின். பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கி வருகிற ஒரு பாட்டைப் போடுங்க, கண்ணாடியை ஏற்றிவிட்டு. சப்வூஃபர் டிக்கியில் இருப்பது காதுக்குத் தெரிகிற அளவுக்குக் கெயினை ஏற்றுங்க. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச்சுக்கிட்டே வாங்க. ஒரு இடத்தில் பேஸ் பின்னாலிருந்து நகர்ந்து டாஷ்போர்டுக்கு மேலே, பாடகர் நிற்கிற இடத்துக்கே வந்துவிடும். அங்கே நிறுத்திட்டு நோட்டுகளை எண்ணிப் பாருங்க.